செல்லமணிக்கு நான் கொடுத்த பதவி உயர்வு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஒரு மனிதர் கெட்ட பழக்கத்தை எப்படிப் படிப்படியாக விடுகிறார் என்பதை வண்ணப் படத்தோடு படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முதலில் விடவேண்டும் என்ற யோசனையே இல்லாத நிலை. அடுத்து யோசிக்கும் நிலை. பிறகு ஆயத்தம், அதன்பின் செயல், கடைசியில் விட்டதை விட்டபடியே காப்பாற்றிக்கொள்ளும் நிலை. நானும் படித்தேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. சீனி வியாதியைப் பற்றிய வகுப்புக்கு முன்னால் இரண்டு வகை கேக் கொடுத்தார்கள், வகுப்பு முடிந்ததும் இன்னொரு வகை.

அங்கே திரையில் ஒரு படிக்கட்டு காட்டினார்கள். அதில் ஒரு மனிதன் சிரித்துக்கொண்டே ஏறினான். முதுகில் கூடை இல்லை, காலில் அட்டைக் கடி இல்லை, மழையும் இல்லை. இவன் எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சான்றிதழ் கொடுக்கப்போகும் நேரத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நான் மருத்துவ மாதாக வேலை பார்த்தேன். சனங்களுக்கு நான் 'மிஸ்'. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, தடுப்பூசி, குழந்தைகளின் நிறை, இவையெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கின்றன. கைநூலில் இல்லாத ஒரு விஷயத்தை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் போட்ட ஒரு 'சரி' அடையாளத்தைப் பற்றியது அது. இதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. ஆகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாசியுங்கள்.

செல்லமணிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறிப்பவர். இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் அதற்குள். அவரோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் பாக்கியமும் அதே மாதிரி ஒரு பை வைத்திருப்பார். ஒருவர் பையில் புகையிலை தீர்ந்தால் மற்றவர் பை திறக்கும். இருபது வருடமாக அவர்களுடைய சிநேகம் அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் செல்லமணி குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகும் சரிவில் நான் வழுக்கி, சீருடையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். செல்லமணி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பார்த்தேன். வாயோரத்தின் உட்பக்கம், கன்னத்தில், சுண்ணாம்பு அப்பியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு.

ஒரு சுகாதார ஊழியர் செய்யவேண்டியதை உடனே செய்தேன். சேற்றைக்கூடத் துடைக்காமல் பிரசங்கம் ஆரம்பித்தேன்.

"இது புத்துநோயா மாறும் செல்லமணி. கன்னம் ஓட்டையாப் போயிரும். தண்ணி குடிச்சாக் கூட வெளிய வந்துரும். இன்னையோட நிறுத்துங்க."

"எங்க ஆத்தா கடைசி வரைக்கும் போட்டுச்சு மிஸ். அதுக்கு ஒண்ணும் ஆகல."

"உங்க ஆத்தாவுக்கு ஆகலன்னா ஒங்களுக்கு ஆகாதா?"

"நீங்க மொதல்ல எந்திரிங்க மிஸ். ஈரம் ஏறப்போவுது."

யார் யாருடைய ஆரோக்கியத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பெரிய படம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டினேன். அழுகிய வாய் ஒன்று, முழு அளவில். தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும்போது தினமும் பார்த்துப் பயப்படுவார்கள் என்பது என் திட்டம். பிள்ளைகள்தான் பயந்தார்கள். ஒன்று அழுதால் இன்னொன்று அழுதது. பிள்ளைகளைப் பார்க்கும் அம்மா, படத்தின் மேல் முருகன் காலண்டர் ஒன்றை மாட்டிவிட்டார். நான் கேட்டதற்கு, "இதப் பாத்துட்டு எந்தப் புள்ளயும் சோறு திங்க மாட்டேங்குது மிஸ்" என்றார். ஊட்டச்சத்தும் என் பொறுப்பில்தான் இருந்தது. காலண்டரை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் எங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வந்தது. திட்டம் என்றால் பதாகை, தொப்பி, உறுதிமொழி, சிற்றுண்டி. தோட்டத்து மண்டபத்தில் பெண்களை உட்காரவைத்து, திட்ட அதிகாரி மைக்கில் உறுதிமொழியை வாசித்தார். வெற்றிலையும் புகையிலையும் இனித் தொடமாட்டோம் என்று எல்லோரும் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். முன் வரிசையில் செல்லமணி. வாய்க்குள் ஏற்கெனவே இருந்ததால் அவருக்குச் சில சொற்கள் சரியாக வரவில்லை. போட்டோவில் அது தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததே அவர்களுக்குப் பெரிய தியாகம்.

பிறகு என் முறை. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, பழக்கம், தற்போதைய நிலை. கடைசிக் கட்டத்தில் அந்த ஐந்து படிகளில் ஒன்றுக்குச் 'சரி' போடவேண்டும். செல்லமணியின் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அதிகாரி வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மிஸ், இன்னும் முடியலையா?"

"இல்ல சேர், இவங்க இன்னும் விடணும்னு நெனைக்கவே இல்ல. முதல் படின்னுதான் போடணும்."

"உறுதிமொழி எடுத்தாங்கதானே? போட்டோவுல இருக்காங்கதானே? செயல்னு போடுங்க."

போட்டேன். செல்லமணிக்கு மட்டுமில்லை, மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் போட்டேன். ஒரே மத்தியானத்தில் மூன்று படி பதவி உயர்வு. அப்படிப்பட்ட உயர்வு எனக்கு என் முழுச் சேவைக் காலத்திலும் கிடைத்ததில்லை.

அந்தப் படிவத்துக்கு ஒரு விதி இருந்தது. யோசிக்காதவர்களையும் யோசிப்பவர்களையும் மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். செயலில் இறங்கியவர்களை ஆறு மாதம் கழித்து விசாரித்தால் போதும். செல்லமணியின் லயம் இருந்தது உச்சி மலையில். எனக்கு முழங்கால் வலி. படிவமே போகவேண்டாம் என்று சொல்லும்போது நான் ஏன் ஏறவேண்டும்? ஏறவில்லை. ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வாயில் வெள்ளைத் திட்டு இருப்பதை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் பார்த்திருந்தேன். என் படிவத்தின்படி அவர் குணமாகிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து, கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். பகல் சாப்பாட்டு நேரம். மற்றப் பெண்கள் ரொட்டியைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட, அவர் வெறும் ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சிச்சா மிஸ்?" என்றார். சிரிக்கவில்லை.

"சம்பல் இல்லையா?"

"ஒறப்பு பட்டா நெருப்பா எரியுது. ரெண்டு மாசமா இப்பிடித்தான்."

"வாயத் தொறங்க பாப்போம்."

திறந்தார். திறந்த அளவுக்கு ஒரு கரண்டிகூடக் குறுக்காகப் போகாது. திட்டு முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த பாக்கியம் சொன்னார்: "நானும் ஆஸ்பத்திரிக்குப் போடின்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன் மிஸ். போனா வாயை வெட்டிருவாங்கன்னு பயப்படுறா." சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, பாதியைச் செல்லமணிக்கு நீட்டினார். செல்லமணியும் வாங்கிக்கொண்டார். இருவருமே மிக அன்போடுதான் செய்தார்கள்.

அடுத்த வாரம் நடமாடும் பல் வைத்தியம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தது. பாக்கியம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததால் செல்லமணியும் வந்தார். வைத்தியர் ஒரு சிங்களப் பையன். பையன் என்றுதான் எனக்குத் தோன்றியது, என் மகளைவிட இளையவர். வகுப்பில் படித்த தமிழ். இவருக்கு நாம்தான் எல்லாவற்றையும் விளக்கவேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவர் செல்லமணியின் வாயைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார்: "அம்மா, உங்களுக்கு வெத்தலை என்ன செய்யுது?"

நான் முந்திக்கொண்டேன். "டொக்டர், இவங்க முப்பது வருஷமா..."

"மிஸ், கொஞ்சம் பொறுங்க. அம்மா சொல்லட்டும்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்த அமைதியையும் நான் ஓர் அறிவுரையால் நிரப்பாமல் விட்டதில்லை.

செல்லமணி மெதுவாக ஆரம்பித்தார்.

"காலையில குளுருல போய் நிப்போம் டொக்டர். மழையில. பன்னெண்டு மணிக்கு முன்னால பசிக்கும், அப்ப ஒண்ணு போட்டா அடங்கும். அட்டை கடிச்சா அதுலயே கொஞ்சம் துப்பி வுடுவோம். எங்க வீட்டுக்காரரு செத்தப்ப ஒரு வாரம் சோறு எறங்கல, இது மட்டுந்தான் எறங்குச்சு. அப்புறம்... வெத்தல இல்லாட்டி யாரு கூட நின்னு பேசுறது?"

"சரி அம்மா. அது நல்ல காரணம்," என்றார் வைத்தியர்.

நான் அதிர்ந்துபோனேன். நல்ல காரணமா? சுகாதாரத் திணைக்களத்துச் சம்பளம் வாங்குகிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

"கெட்டது ஏதாவது செய்யுதா?" என்று அடுத்துக் கேட்டார்.

செல்லமணி பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் எங்க அக்கா செத்துப்போச்சு. இந்தத் தோட்டத்துல எந்தச் சாவு வீடுன்னாலும் நாந்தான் ஒப்பாரி பாடுவேன். யாரையும் கேட்டுப் பாருங்க. எங்கக்கா தலமாட்டுல உக்காந்தேன், வாய் தொறக்கல. ஊரு பொணத்துக்கெல்லாம் பாடுனேன். கூடப் பொறந்தவளுக்கு முடியல."

பாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் புற்றுநோய் என்றேன், ஓட்டை என்றேன், அழுகிய வாயை முழு அளவில் சுவரில் ஒட்டினேன். இந்தப் பெண்ணுக்கு வலித்த இடம் எது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

வைத்தியர் தன் வாய்க்குள் மூன்று விரலை அடுக்கி வைத்துக் காட்டினார். "இவ்வளவு திறக்கணும். நீங்க செய்ங்க." செல்லமணியால் ஒரு விரல்தான் வைக்க முடிந்தது. பாக்கு இப்படித்தான் வாயை இறுக்கும் என்று சொன்னார். விட்டால் எரிச்சல் குறையும், பயிற்சி செய்தால் கொஞ்சம் திறக்கும், பழையபடி முழுதாகத் திறக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அவரிடம் நான் கற்ற முதல் பாடம் கேட்பது. இரண்டாவது, இருப்பதற்கு மேல் ஆசை காட்டாமல் இருப்பது.

"விடுறதா இல்லையா, எப்ப விடுறது, அதெல்லாம் உங்க முடிவு அம்மா. ஆனா அந்த வெள்ளையில ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும். அது தள்ளிப்போட ஏலாது. அடுத்த புதன்."

விடுகிற நாளை அவரிடம் விட்டார், பரிசோதனை நாளைத் தன் கையில் வைத்துக்கொண்டார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அந்த இளைஞர் அரை நிமிடத்தில் பிரித்தார். எனக்கு அது இருபத்தைந்து வருடம் பிடித்தது.

புதன்கிழமை நானும் பாக்கியமும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனோம். சில வாரம் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படி மாறக்கூடிய திட்டு, வெட்டி எடுக்கவேண்டும், பிறகும் தொடர்ந்து வந்து காட்டவேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்லமணி என் கையைப் பிடித்தார்.

"மிஸ், நெசமாச் சொல்லுங்க. புத்துநோய் இல்லன்னா ஒண்ணு ரெண்டு போட்டா என்ன?"

பிள்ளைகளே, எனக்குப் பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 'இருக்கு, உங்களுக்கு மறைச்சிட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் பையைத் தூக்கி அந்த நிமிடமே எறிந்திருப்பார். நல்லதுக்காகத்தானே? அடுத்த வாரம் வேறு யாராவது உண்மையைச் சொல்லும்போது, பையைத் தேடி எடுத்துக்கொண்டு என்னை எறிந்திருப்பார்.

"இப்ப இல்ல. போட்டுக்கிட்டே இருந்தா வர்றதுக்கு வழி இருக்கு. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

டயகமவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் சொன்னார்: "மாரியம்மன் திருவிழா வருது. அதுல வெத்தல இல்லாம ஏலாது. தேரு முடிஞ்ச மறு நாளு வுடுறேன்."

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. நாளைக்கே விடலாமே என்ற வாக்கியம் என் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன். அன்று நான் செய்த ஒரே மருத்துவச் சேவை அதுதான்.

அந்த மூன்று வாரமும் வீணாகப் போகவில்லை. செல்லமணியே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எந்தெந்த நேரத்தில் வாய் கேட்கிறது என்று விரல் மடக்கிச் சொன்னார். பசி நேரத்துக்குப் பையில் வறுத்த கடலை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தார். நான் இஞ்சி சொன்னேன். வாய் எரிகிறவருக்கு இஞ்சி சொன்ன நிபுணர் நான். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கடலையையே வறுத்தார். பெரிய சிக்கல் பாக்கியம்தான். நான் பாக்கியத்தையும் சேர்த்து விடவைக்கலாம் என்று அடுத்த பிரசங்கத்துக்குத் தயாரானபோது, பாக்கியம் முந்திக்கொண்டார்.

"நான் வுட மாட்டேன் மிஸ். அதச் சொல்லிப்புடுறேன். ஆனா இவ மூஞ்சிக்கு முன்னால போட மாட்டேன். அந்தாண்ட போய்ப் போட்டுட்டு வாயக் கழுவிட்டு வர்றேன். போதுமா?"

போதுமாவா? என் பதாகை, தொப்பி, உறுதிமொழி எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் நிறுத்தாலும் அந்த ஒரு வாக்கு கனமாக இருந்திருக்கும்.

தேர் முடிந்த மறுநாள் விட்டார். சொன்ன நாளில் விட்டார். நான்காம் நாள் தலைவலி, ஆறாம் நாள் பாக்கியத்தோடு காரணமில்லாத சண்டை, எட்டாம் நாள் சமாதானம். நான் சந்தோஷம் தாங்காமல் திட்ட அதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். அந்த அவசரம் எனக்குத் தேவையா? அவர் உடனே, "அருமை மிஸ்! ஒரு வீடியோ எடுப்போம்," என்றார்.

பன்னிரண்டாம் நாள் மழை தொடங்கியது. இங்கே மழை புதிதில்லை. ஆனால் அந்த வருடம் அது நிற்கவில்லை. மறுநாளே செல்லமணியின் லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு கண்டு, எல்லாக் குடும்பங்களையும் பாடசாலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் அங்கே வந்த மூன்றாம் நாள் பகலில் நான் மருந்துப் பெட்டியோடு போனேன். வகுப்பறை முழுக்கப் பாயும் மூட்டையும். செல்லமணி மூலையில், கரும்பலகைக்குக் கீழே, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடினார். மூடுவதற்குள் உதட்டின் சிவப்பைப் பார்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அதிகாரி. நிவாரணப் பொருளோடு கேமராக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்.

"மிஸ், இவங்கதானே வெத்தலைய விட்டவங்க? சரியான இடம் இது! இப்பிடிப்பட்ட கஷ்டத்துலயும் தொடலன்னு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க."

செல்லமணி என்னைப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலை, கண் நிறையப் பயம். என்னிடம் இரண்டு பழைய வழி இருந்தது. ஒன்று, வாயைக் கழுவிவிட்டு வரச் சொல்லி வீடியோவில் பேசவைப்பது. அது படிவத்துக்கு நல்லது. இன்னொன்று, எல்லோர் முன்னாலும் 'இப்பிடிச் செஞ்சிட்டீங்களே' என்று கேட்பது. அது என் கோபத்துக்கு நல்லது.

"சேர், அவங்க வீடு நாளைக்கு இருக்குமான்னு தெரியாம உக்காந்திருக்காங்க. இன்னைக்கு வீடியோ வேணாம்," என்றேன்.

"ஒரு நிமிஷந்தானே மிஸ்."

"ஒரு நிமிஷமும் வேணாம் சேர்."

அவர் முகம் மாறியது. பிறகு தான் பாய் கொடுப்பதைக் கேமராக்காரரை வீடியோ எடுக்கவைத்துக்கொண்டு போனார். அதே பாயை அதே அம்மாவுக்கு மூன்று தடவை கொடுத்தார். முதல் இரண்டு தடவையும் வெளிச்சம் சரியில்லையாம்.

நான் செல்லமணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஏசுங்க மிஸ். நல்லா ஏசுங்க. நான் ஒண்ணுக்கும் ஆவாதவ."

"எத்தன நாளு இருந்தீங்க?"

"பன்னெண்டு."

"இந்த முப்பது வருஷத்துல இதுக்கு முன்னால எத்தன நாளு போடாம இருந்திருக்கீங்க?"

யோசித்தார். "ஒரு நாளும் இல்ல."

"அப்ப அந்தப் பன்னெண்டு நாளும் எப்பிடி இருந்தீங்கன்னு சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்."

சொல்லத் தொடங்கினார். கடலையைப் பற்றி, பாக்கியம் தள்ளிப்போய் நின்றதைப் பற்றி, நான்கு நாளாக எரிச்சல் குறைந்து ஒரு தடவை சம்பல் தொட்டுச் சாப்பிட்டதைப் பற்றி. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "மிஸ், மலையில நிக்கிறப்ப என்னால இருக்க முடிஞ்சிச்சு. இங்கதான் முடியல. கை சும்மா இருக்கு. கை சும்மா இருந்தா வாய் கேக்குது." எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. விழுந்த இடத்திலிருந்தே அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அப்போது நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. அவர் தன் குற்றத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருக்க, நான் என்னுடையதை வெள்ளைச் சீருடையால் மூடிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

"செல்லமணி, அன்னைக்கு மண்டபத்துல உறுதிமொழி எடுத்தீங்கதானே. நீங்க விட்டுட்டீங்கன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். விடலன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன். அதனாலதான் ஆறு மாசம் வரல."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அதுக்கா வரல? நான் வெத்தலய வுடலன்னு நீங்க கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். வாய் எரியுறப்பல்லாம் வந்து சொல்லணும்னு இருக்கும். மிஸ்ஸு கோவமா இருக்காங்கன்னு வராம இருந்தேன்."

நான் படிவத்தின் ஒரு கட்டத்தில் போட்ட அடையாளம் என் கால்களை மட்டும் நிறுத்தவில்லை, அவருடைய கால்களையும் நிறுத்தியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் திட்டு வேறு விதமாக மாறியிருந்தால், இதை நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"மன்னிச்சிக்கங்க," என்றேன்.

"நீங்களும் பொய் சொல்லுவீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, சிவந்த வாயோடு மெல்லச் சிரித்தார். "அப்ப சரி. இனிமே ரெண்டு பேரும் சொல்ல வேணாம்."

லயம் தப்பியது. வாரக் கடைசியில் எல்லோரும் திரும்பிப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை செல்லமணி மறுபடி விட்டார். சும்மா இருக்கும் நேரத்துக்குக் கம்பளி நூல் வாங்கிக் குல்லா பின்னக் கற்றுக்கொண்டார். முதல் குல்லா யார் தலைக்கும் பொருந்தவில்லை. எனக்குத்தான் கொடுத்தார், போட்டுக்கொண்டு திரிந்தேன். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு தடவை சறுக்கினார். இந்தத் தடவை மூன்றாம் நாளே தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார். திட்டை வெட்டி எடுத்தார்கள். குறித்த நாளில் போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறார். இப்போது இரண்டு விரல் நுழைகிறது. மூன்றாவது நுழையாது. சாவு வீட்டில் பாடுகிறார். குரல் முன்புபோல் ஏறுவதில்லை என்று அவரே சொல்கிறார்.

அந்தப் படிவத்தில் நான் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோரை முதல் படிக்கு இறக்கினேன். எங்கள் பகுதியின் முன்னேற்றம் ஒரே நாளில் சரிந்துபோனதாகக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கண்டித்தார்கள். அந்தக் கூட்டத்தில் கேக் ஒரே வகைதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால், ஒரு மழைக் காலையில் செல்லமணி தன் வாயைக் காட்டக் கிளினிக்குக்கு வந்தார். கூடவே பாக்கியம். வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் பை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"மிஸ், இப்பவே சொல்லிப்புடுறேன். நான் வுட வரல. இவ கூட சும்மா வந்தேன்."

மேசையில் படிவம் இருந்தது. பேனாவும் இருந்தது. எழுந்துபோய் வாசலில் இன்னொரு நாற்காலி போட்டேன்.

"சும்மாவே இருங்க பாக்கியம். குளுருது, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

பாக்கியம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மழையில் இறங்கி, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.